பட்டுச்சேலையில் கொழுந்துக் கூடை

வேனில் பதினோரு பேர் இருந்தோம். ஜொகூரைச் சேர்ந்த ஓட்டுநர் யூசோஃப் அண்ணன். தேர்வாளராக வந்த எங்கள் விரிவுரையாளர் திருமதி பெரேரா. சுற்றுலாவை நடத்தும் மாணவர்களாக நானும் என் வகுப்புத் தோழி ஹுவாவும். காசு கொடுத்து வந்த பயணிகள் ஏழு பேர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் வோங், அவர் மனைவி, ஹுவாவின் அத்தைகள் இருவர், என் அம்மா, அம்மாவோடு கோவிலுக்குப் போகும் சரோஜா அக்கா, அவர் கணவர். வராதவர் என் அப்பா. அவருக்கென்று நான் பிடித்து வைத்திருந்த ஜன்னலோர இருக்கையில் அம்மாவின் சாப்பாட்டுக் கூடை உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரிலிருந்து வந்தது.

அப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். வரச் சொல்லி நான் கெஞ்சியபோது அவர் சொன்னது இது: "நீ ஊர் சுத்திக் காட்டுறதுக்குத்தான் காசு கட்டிப் படிக்க வச்சேன். அதப் பாக்குறதுக்கு இன்னொரு தடவ காசு கட்டணுமாடா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்டிப் போய்ச் சேர்ந்த இடம், கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் இருந்த தனியார் கல்லூரி. பயணமும் சுற்றுலாவும் என்று ஒரு பட்டயப் படிப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கும் தெரியாது. உலகத்து விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளை நான் சத்தம் போட்டு மனப்பாடம் செய்யும்போது, "எந்த சாமிக்குடா இந்த மந்திரம்?" என்பார் அப்பா.

படிப்பின் கடைசித் தேர்வு எழுத்தில் இல்லை, வேனில். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து மூன்று நாள் சுற்றுலா ஒன்றைத் திட்டமிட்டு, உண்மையான பயணிகளை வைத்து நடத்திக் காட்ட வேண்டும். நேர அட்டவணையை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும். எந்த நாளிலாவது அது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகினால் தோல்வி. தேர்வாளர் கூடவே வருவார், வாயைத் திறக்க மாட்டார். தேறினால் ஒரு பயண முகவர் கடையில் எனக்கு முன்மேசை வேலை காத்திருந்தது. கேமரன் மலையைத் தேர்ந்தெடுத்தது நான். தேயிலைத் தோட்டத்தில் தமிழர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பேச்சு வரும், அதனால் சுலபம் என்று ஹுவாவிடம் சொல்லியிருந்தேன்.

தாப்பாவிலிருந்து மலை ஏறும் பாதை, யாரோ கைக்கு வந்தபடி உதறிப் போட்ட கயிறு மாதிரி கிடக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி முளைக்கும். சரோஜா அக்கா எலுமிச்சம் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவர்தான், திறக்கவே இல்லை. பாதி மலையில் வேனின் மூக்கிலிருந்து புகை வந்தது. சாலையோர அருவி ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, யூசோஃப் அண்ணன் வாளியில் தண்ணீர் மொண்டு வந்தார்.

"இவளும் மனுஷி மாதிரிதான்," என்றார் மலாயில், வேனைத் தட்டிக்கொடுத்து. "மேடு ஏறினா மூச்சு வாங்கும். தாகம் எடுக்கும். திட்டக்கூடாது."

அரை மணி நேரம் போயிற்று. திருமதி பெரேரா கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கூடையைத் திறந்தார். பதினோரு பேருக்குப் புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. சாப்பாடெல்லாம் சுற்றுலாக் கட்டணத்திலேயே சேர்த்தி, எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "வழியில பசிக்காதா?" என்பதுதான் அவருடைய பதில்.

அருவிச் சாரலில் நின்றபடி எல்லாரும் சாப்பிட்டார்கள். வோங் ஆசிரியர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். விளைவு, ரிங்லெட்டில் நாங்கள் பணம் கட்டி வைத்திருந்த மீ கோரேங்கை யாராலும் பாதிக்கு மேல் தொட முடியவில்லை. மீந்து கிடந்த நூடுல்ஸைப் பார்த்து ஹுவா என் காதில் சொன்னாள்: "உன் அம்மா ரொம்ப நல்லவர். நம்ம கணக்குக்கு மட்டும்தான் எதிரி."

மலை மேலே தானா ராத்தா ஊரில் இறங்கியபோது காற்று கன்னத்தில் கிள்ளியது. எங்கள் ஏழாம் மாடி வீட்டில் மின்விசிறி நின்றால் நான் விழித்துவிடுவேன். இங்கே விசிறியே இல்லாத அறை. குழாயைத் திறந்து கையை வைத்த அம்மா, "ஐயோ, யாரோ ஐஸ்பெட்டியத் தொறந்து விட்டுட்டாங்க," என்று கத்திவிட்டார். அன்று மாலை அவர் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டது அப்பாவின் துறைமுகச் சட்டை. முழுக்கை, கனத்த நீலத் துணி, முதுகில் நிறுவனத்தின் பெயர். கடைத்தெருவில் இரண்டு பேர் அவரைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. சிங்கப்பூரில் குடிக்கும் தேநீர் பாலுக்கும் சீனிக்கும் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும். இங்கே பாலில்லாமல் கொடுத்தார்கள். நாக்கில் முதலில் கசந்து, பிறகு இனித்தது. பக்கத்து மேசையில் தலையில் துண்டு கட்டிய தமிழர் ஒருவர் ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றும் லாரிக்காரர். நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அங்கயா? நாளைக்கு அங்க என்னமோ விசேஷம் லா. ரெண்டு மூட்ட கோஸு, ஒரு கூட கோழி, இன்னிக்கு நான்தானே எறக்கிட்டு வந்தேன். கல்யாணமோ காதுகுத்தோ, கேக்கல."

நல்ல வேளை, நம் நிகழ்ச்சி காலையிலேயே முடிந்துவிடும், கல்யாண வீட்டுக்குத் தொந்தரவாக இருக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை வெயில் வந்திருந்தது. தோட்டத்துப் பாதையில் திரும்பியதும் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். மலைச்சரிவு முழுக்க ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட பச்சை. நடுநடுவே ஆள் நடக்கும் தடங்கள் மட்டும் கோடு கோடாக. நான் முன்னால் எழுந்து நின்று, தயாரித்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கினேன். ஒன்பதரையிலிருந்து கொழுந்து பறிப்பதைப் பார்ப்பது, பிறகு தேயிலை ஆலை, பன்னிரண்டு மணிக்கு தானா ராத்தா ஹோட்டலில் மதியச் சாப்பாடு, அப்புறம் ரோஜாத் தோட்டம், ஸ்ட்ராபெர்ரி பண்ணை. பேசிக்கொண்டே சரிவைப் பார்த்தேன். ஒரு தலை கூட இல்லை. வோங் ஆசிரியர் கேமராவில் நீண்ட லென்ஸை மாட்டி வைத்துக்கொண்டு, பச்சையை இப்படியும் அப்படியும் துழாவினார்.

"செடி மட்டும் இருக்கிறதே," என்றார்.

நான் இரண்டு மாதத்துக்கு முன்பே தோட்டத் துரைக்கு, அதாவது மேலாளருக்கு, எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் தூரத்தில் நின்று பார்ப்போம் என்றும் எழுதியிருந்தேன். துரை அதை அலுவலகக் கணக்கரான கிராணியிடம் சொல்லியிருக்கிறார். கிராணி அலுவலகத்துக்கு வந்த கங்காணியிடம் சொல்லியிருக்கிறார். கங்காணி தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். துரை வாயில் பார்வையாளர்களாகப் புறப்பட்ட நாங்கள், லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகளாக இருந்தோம்.

கங்காணி ராமையா பாதை முனையில் காத்திருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் குடை. "வாங்க, வாங்க. பொம்பளைங்க கெளம்பிட்டாங்க. பவுடர் போட்டுக்கிட்டு வரணும்ல?" என்றார்.

லயத்துப் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். முதலில் நிறம்தான் தெரிந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் சேலைகள். மல்லிகை கிடைக்காத ஊர் என்பதால் தலையில் ஆளுக்கொரு டேலியாப் பூ. சங்கிலி, வளையல், புதுச் செருப்பு. முதுகில் மட்டும் எல்லாருக்கும் கொழுந்துக் கூடை.

வோங் ஆசிரியர் கேமராவைக் கீழே இறக்கினார். "இது கல்யாண ஊர்வலம்," என்றார் ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக. "நான் வேலையைப் படம் எடுக்க வந்தேன்."

நான் கங்காணியைத் தனியாக அழைத்துப் போய், நாங்கள் பார்க்க வந்தது வேலை செய்வதை என்றேன்.

"வேலையவா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "அத எதுக்குங்க பாக்கணும்?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யோவ் கங்காணி, தம்பி என்னாங்குது?" மயில் கழுத்துச் சேலை. நாற்பதைத் தாண்டிய பெண், அகலமான தோள்கள். பெயர் பாப்பாத்தி என்று பிறகு தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் வாய்.

நான் மறுபடியும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நாங்க வேலைக்கு எப்டிப் போவோம் தெரியுமா? புருஷன் போட்டுக் கிழிச்ச சட்ட. இடுப்புல ரப்பர் சீட்டு. காலுல பூட்சு. தலையில துண்டு. அந்தக் கோலத்துல எங்கள எத்தன வெள்ளக்காரன், சப்பான்காரன் படம் புடிச்சிட்டுப் போயிருக்கான்? சிரி சிரிங்குறான், சிரிச்சோம். ஒரு படம் திரும்பி வந்ததில்ல. எந்த ஊருல எவன் வூட்டுச் செவுத்துல நாங்க ரப்பர் சீட்டக் கட்டிக்கிட்டுத் தொங்குறமோ!"

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க நம்ம ஆளுங்க, சிங்கப்பூரு, காலேசுப் புள்ள கூட்டியாறாரு, படம் எடுத்தா அனுப்பி வைப்பாங்கன்னு கங்காணி சொன்னாரு. அதான் இருட்டோட போயி தராசுல ஒரு நெறுவைக்குக் கொழுந்து எடுத்துப் போட்டுட்டு, மிச்ச நேரத்துக்கு லீவு சொல்லிட்டு வந்து குளிச்சோம். அரைநாள் சம்பளம் போச்சு. போவட்டும் லா."

படம் அனுப்புவேன் என்று நான் எழுதவே இல்லை. கங்காணியைப் பார்த்தேன். அவர் குடையை விரித்து, வெயிலே இல்லாத பக்கம் பிடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் வோங் ஆசிரியருக்கு மொழிபெயர்த்தேன். அவர் மலாயில் பாப்பாத்தியிடம் நேராகவே கேட்டார்: "உங்களிடம் உங்கள் படம் எதுவுமே இல்லையா?"

"இருக்கே. ஐசி-ல," என்றார் பாப்பாத்தி, அடையாள அட்டையை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டி. "பாருங்க. திருடி மாதிரி இருக்கேன்."

ஆசிரியர் பார்த்தார். பணிவான மனிதர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர். "கொஞ்சம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் பயணியாக இல்லை. ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் பள்ளியின் வகுப்புப் படங்களை எடுத்தது அவர்தானாம். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து பெஞ்சு வரவழைத்தார். உயரமானவர்கள் பின்னால், வயதானவர்கள் பெஞ்சில், கூடைகள் முன்வரிசையில் என்று மலாயில் கட்டளைகள் பறந்தன. நாத்தனாரும் அண்ணியுமான இரண்டு பேர் ஒரே படத்தில் நிற்க மறுத்தார்கள். "அவ நிக்கிற படத்துல நான் நிக்க மாட்டேன். என் சேல நெறமே செத்துப் போவும்." ஆசிரியர் இருவரையும் இரண்டு ஓரங்களில் நிறுத்தி, ஓரம் இரண்டும் பலமாக இருந்தால்தான் படம் நேராக நிற்கும் என்றார். இருவருமே நிமிர்ந்துகொண்டார்கள்.

கூட்டுப் படம் முடிந்து தனிப்படம் தொடங்கியதும் லயத்திலிருந்து பொருள்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் வானொலிப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றார். ஒருவர் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வந்திருந்தார். அஞ்சலை என்ற பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஈப்போவில் வேலை செய்கிறார். அவருக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், ஆனால் சிரிப்பதா வேண்டாமா என்பதில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். "ரொம்பச் சிரிக்காதடி, செலவாளின்னு நெனைப்பான்," என்றார் பாப்பாத்தி.

என் பக்கம் திரும்பி, "நீங்க கேட்டதையும் எடுத்துக்குங்க தம்பி. வேல பாக்குறதுதானே?" என்றார். ஒரு சைகைதான். எல்லாரும் செடிகளுக்குள் இறங்கினார்கள். சேலை கொசுவத்தை ஒரு கையால் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போட்டார்கள். வேகம் குறையவே இல்லை. சரிவு முழுக்க வளையல் சத்தம். எங்கள் பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி எந்த அத்தியாயத்திலும் இல்லை. திருமதி பெரேரா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலையை நாங்கள் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு ஆகப் போகிறது என்று ஹுவா என் சட்டையை இழுத்தாள். நான் பாப்பாத்தியிடம் போனேன்.

"அக்கா, ரொம்ப நன்றிங்க. நாங்க கிளம்பணும்."

"கெளம்புங்க. சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

அப்போதுதான் லயத்துக்குப் பின்னாலிருந்து வந்த கறிவாசனையை நான் கவனித்தேன். லாரிக்காரர் இறக்கிய கோழிகள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. நாங்கள்தான் அந்த விசேஷம்.

"டவுன்ல ஹோட்டல்ல சாப்பாட்டுக்குச் சொல்லி, காசும் கட்டியாச்சுக்கா."

"அதனால என்னா? நீங்க போவலன்னா ஹோட்டல்காரன் அழுவானா? காச வாங்கிட்டான், சிரிப்பான். இங்க போவலன்னா நாங்க அழுவோம்."

ஹுவா தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "ஹோட்டல் பணம் திரும்பி வராது. அது போகட்டும். இங்கே சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகும். ஒரு மணி நேர விதி இருக்கிறது. நாம் தோற்போம்."

எனக்கு இரண்டு பேரும் சொன்னது கேட்டது. திருமதி பெரேராவைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். விதிப்படி அவர் வாயைத் திறக்கக் கூடாது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை காசு கட்டணுமாடா என்று கேட்ட முகம்.

இன்னும் அப்பாவின் சட்டையைக் கழற்றாத அம்மா என்னிடம் வந்தார். யாரோ அவர் தலையிலும் ஒரு டேலியாவைச் சொருகியிருந்தார்கள். "டேய், அந்த டீச்சரம்மா நேரத்தப் பாக்குது. நாம போயிரலாம். நான் இவங்ககிட்ட எதாச்சும் சொல்லிக்கிறேன்," என்றார். வழியில் பசிக்குமே என்று பதினோரு பேருக்குச் சமைத்துக்கொண்டு வந்தவர், என் பரீட்சைக்காகச் சமைத்த சோற்றை விட்டுவிட்டுப் போகலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு முடிவு வந்தது.

"எல போடச் சொல்லுங்கக்கா," என்றேன் பாப்பாத்தியிடம்.

ஹுவா ஒரு நிமிடம் என்னை முறைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சரி. அப்படியானால் நன்றாகச் சாப்பிடுவேன்," என்றாள்.

கோவிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இலை போட்டார்கள். கோழிக்கறி, கோஸ் பொரியல், ரசம், சேமியா பாயசம். ஹுவாவின் அத்தைகள் கையால் சாப்பிடப் பழகியதைப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். திருமதி பெரேரா சைகை காட்டி ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். சரோஜா அக்காவின் கணவர் பணத்தை எடுத்து நீட்டியபோது பாப்பாத்தி அவர் கையைப் பிடித்து அவர் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிவிட்டார். "விருந்தாளிகிட்ட காசு வாங்கி நாங்க என்னா கடையா போட்டிருக்கோம்? படத்த அனுப்புங்க. அது போதும்."

நாங்கள் வேனில் ஏறும்போது மணி இரண்டேகால். மஞ்சு இறங்கி மலையை மூடிக்கொண்டது. லயத்துத் திருப்பத்திலேயே பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. தள்ள வந்தவர்களும் அவர்களேதான். அதற்குள் பட்டெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. கிழிந்த சட்டை, ரப்பர் சீட்டு, பூட்ஸ். காலையில் நாங்கள் பார்க்க வந்த அதே கோலம். வோங் ஆசிரியரின் கை தன்னையறியாமல் கேமராவுக்குப் போனது.

"சாரே!" என்று கத்தினார் பாப்பாத்தி, சக்கரத்துக்குத் தோள் கொடுத்தபடி. "இப்ப எடுத்தீங்க, பொட்டிய ஒடச்சிருவேன்!"

ஆசிரியர் கேமராவை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கித் தள்ளினார்.

ரோஜாத் தோட்டத்தை மூடிவிட்டார்கள். ஸ்ட்ராபெர்ரிப் பண்ணையில் பழம் சிவப்பா பச்சையா என்றே தெரியாத மங்கலில் ஆளுக்கு நாலு பறித்தோம். புளித்தது. யாரும் குறை சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தைகள் இருவரும் சரோஜா அக்காவிடம் ரசம் வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைகளுக்கு ஹொக்கியன் சீனம், அக்காவுக்குத் தமிழ். நடுவில் ஆளுக்குப் பாதி மலாய்.

மூன்றாம் நாள் இறக்கத்தில், ரிங்லெட் அணைக்கட்டு ஏரியருகே தேநீருக்கு நிறுத்தினோம். அட்டவணைப்படி அத்துடன் வழிகாட்டல் முடிகிறது. தேர்வாளர் வாயைத் திறக்கலாம். திருமதி பெரேரா எங்கள் இருவரையும் தண்ணீர்க் கரைக்கு அழைத்துப் போனார்.

"நேற்று நான் சாப்பிட்ட மாதிரி எந்தச் சுற்றுலாவிலும் சாப்பிட்டதில்லை," என்றார். "பயணிகளைக் கேட்டேன். எல்லாரும் மறுபடி வருவார்களாம். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். ஆனால் விருந்தோம்புவது வேறு வேலை, வழிகாட்டுவது வேறு வேலை. நான் வழிகாட்டியைத்தான் சோதிக்க வந்தேன். விதி விதிதான். மறுதேர்வு மார்ச்சில்."

கொஞ்சம் நடந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஒன்று சொல்கிறேன். அட்டவணையைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. அட்டவணையில் என்ன எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை."

வளைவுகளில் இறங்கும்போது நான் வாந்தி எடுத்தேன். சரோஜா அக்கா தன் எலுமிச்சம் பழத்தைக் கொடுத்தார்.

பயண முகவர் மார்ச் வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். அதனால் வீட்டில் சொல்ல வேண்டியது ஒன்று மட்டும்தான் மிச்சம் இருந்தது. படங்கள் கழுவி வந்த அன்றுவரை அதைத் தள்ளிப் போட்டேன். வோங் ஆசிரியர் எடுத்த ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு படம், கூட்டுப் படத்தில் வீட்டுக்கு ஒன்று. அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்டுப் படத்தில் பாப்பாத்திக்குப் பக்கத்தில் டேலியாவும் துறைமுகச் சட்டையுமாக அம்மா நின்றிருந்தார்.

"இது யாரு?" என்றார் அப்பா. "என் சட்டையப் போட்டுக்கிட்டு?"

"ஏன், தெரியலியா?" என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

தோற்றதைச் சொன்னேன். ஏன் தோற்றேன் என்பதையும் சொன்னேன். அவர் படங்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார். மூட்டை அடுக்கும் கை.

"சாப்புடாம வந்திருந்தா பாஸா?"

"ஆமாப்பா."

"ம்." மேலே இருந்த படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். "இதெல்லாம் தபால்ல போடப் போறியா?"

"பதிவுத் தபால்ல போடலாம்னு இருக்கேன்."

"மறுபடி அங்கதானே போற? கையில குடுக்க வேண்டியதுதானே. தபால்காரன் மடிச்சுக் கிடிச்சு வச்சான்னா?" வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்த வேன்ல சன்னலோரம் ஒரு சீட்டு காலியாத்தானே வந்துச்சு?"

"சாப்பாட்டுக் கூட இருந்துச்சுப்பா. காசு கட்டணும்."

"நான் என்ன ஓசியிலயா கேட்டேன்?"

புதிய அட்டவணையில் ரோஜாத் தோட்டமும் ஹோட்டல் சாப்பாடும் இல்லை. தோட்டம், காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை, மதியச் சாப்பாடு உட்பட என்று ஹுவா தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். அரிசியும் எண்ணெயும் கோழியும் எங்கள் வேனிலேயே போகும் என்று கங்காணி மூலம் சொல்லி அனுப்பினோம். காசு வாங்க மறுத்தவர்கள், பொருளை மறுக்கவில்லை. அரைநாள் சம்பளம் போகாமல் இருக்கட்டும் என்று இம்முறை ஞாயிற்றுக்கிழமையாகவே வைத்தேன்.

மார்ச்சில் போனோம். அப்பா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்தார். தானா ராத்தாவில் நான் தடுக்கத் தடுக்க எல்லாருடைய பெட்டியையும் அவரே இறக்கினார். "பயணி பெட்டி தூக்கக் கூடாதுப்பா," என்றால், "அப்ப நீ தூக்கு, நான் பாக்குறேன்," என்றார். தோட்டத்தில் படங்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். அஞ்சலை கல்யாணமாகி ஈப்போவுக்குப் போயிருந்தாள். அவள் படத்தை அவள் அம்மா முந்தானையால் துடைத்து வாங்கிக்கொண்டார். பாப்பாத்தி தன் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஐசியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டினார்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. இவ எவ, அவ எவ?"

"இது திருடி," என்றார் அப்பா, ஐசியைத் தொட்டு. "இது மொதலாளியம்மா."

வேன் இரண்டரைக்குக் கிளம்பியது. திருமதி பெரேரா கடிகாரத்தைப் பார்த்து, ஒரு குறி போட்டு, புத்தகத்தை மூடினார்.

மறுதேர்வுக் கட்டணம் அறுபது சிங்கப்பூர் வெள்ளி. ஹோட்டல்காரர் சிரித்துக்கொண்டே வைத்துக்கொண்ட சாப்பாட்டுப் பணம் நாற்பத்து நான்கு. படங்கள் கழுவிய செலவு முப்பத்தொரு வெள்ளி இருபது காசு. அப்பாவின் ஜன்னலோர சீட்டு தொண்ணூற்றைந்து. ஆக மொத்தம், நாங்கள் தேறியதற்கு ஆன கூடுதல் செலவு இருநூற்று முப்பது வெள்ளி இருபது காசு.